ஒரே பந்தியும் ஒவ்வாத உடலும்: பள்ளி டிபன் வரலாற்றில் ஒரு குறிப்பு

1928ஆம் ஆண்டு கல்கத்தாவின் கேசவ் அகாடமி தன் மாணவர்களுக்கு நண்பகல் டிபனைக் கட்டாயமாக்கியது. கட்டணம் மாதம் நான்கணா. இந்தியப் பள்ளி உணவின் வரலாற்றை எழுதுவோர் இச்செய்தியை ஒரே வரியில் கடந்துவிடுவர். ஆனால், 'கட்டாயம்' என்னும் சொல் சற்றே நின்று நோக்கத்தக்கது.

அதற்கு எட்டாண்டுகளுக்கு முன்பே, 1920இல், பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. அதன் செலவு மாணவர் ஒருவர்க்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்பது விதி. சென்னையில் பொதுப்பணம், கல்கத்தாவில் மாணவர் கட்டணம். எனினும், இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: அனைவர்க்கும் ஒரே உணவு. வீட்டுப் பாத்திரம் சாதியையும் வருவாயையும் வகுப்பறைக்குள் காட்டிக்கொடுக்கும் சமூகத்தில் இது சிறிய செயலன்று. 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை, சமைத்த மதிய உணவை அரசுத் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளின் உரிமையாக்கியது.

இங்குச் சொல்வரலாறு ஒன்றையும் நோக்க வேண்டும். 'அலர்ஜி' என்னும் சொல்லை 1906இல் ஆக்கியவர் வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே. வங்காளிகள் அதனை அப்படியே ஏற்றனர். தமிழோ தன்னிடமிருந்த 'ஒவ்வாமை'யைப் பயன்படுத்திக்கொண்டது. ஒவ்வுதல் என்பது ஒத்திருத்தல். ஆகவே, ஒவ்வாமையின் பழம்பொருள் வேறுபாடு, சமமின்மை. பள்ளி உணவு எதிர்த்துப் போராடியது பழம்பொருளில் வரும் ஒவ்வாமையை. இன்று அதே பந்தியில் புதுப்பொருளில் வரும் ஒவ்வாமையுடன் ஒரு குழந்தை அமர்ந்திருக்கிறது. அக்குழந்தைக்கு ஒரே உணவு நீதியாகாது.

கொல்கத்தாவில் இச்சிக்கல் கடுகில் தெளிவாகத் தெரியும். பொரியலுக்குக் கடுகெண்ணெய், மீனுக்குக் கடுகு விழுது, தொட்டுக்கொள்ளக் காசுந்தி. பிசைந்த பொரியிலும் சில துளி எண்ணெய். கடுகின் ஒவ்வாமைப் புரதங்கள் வெப்பத்தால் எளிதில் சிதைவதில்லை. எனவே, சமைப்பதால் இடர் நீங்கிவிடாது. ஐரோப்பிய ஒன்றியம் சிட்டையில் குறிப்பிடக் கோரும் 14 ஒவ்வாமைப் பொருள்களுள் கடுகும் உண்டு. இந்தியாவின் 2020ஆம் ஆண்டு உணவுச் சிட்டை ஒழுங்குமுறைகள் வகுத்த பட்டியலிலோ பால், முட்டை, மீன், நிலக்கடலை, சோயா முதலியன உள்ளன. கடுகும் எள்ளும் இல்லை. கடுகை மிகுதியாக உண்ணும் நாட்டின் பட்டியலில் கடுகுக்கு இடமில்லை.

ஆகவே, காவல் முழுவதும் வீட்டு அடுப்பங்கரையில் விழுகிறது. அக்குழந்தைக்குரியதை முதலில் சமைத்தல், தனி வாணலியும் கரண்டியும் வைத்தல், கடுகெண்ணெய்க்கு மாற்றாகச் சூரியகாந்தி எண்ணெயில் அவல் புலாவ் செய்தல். லேக் மார்க்கெட் பகுதித் தமிழ் வீடாயின், தயிர்சாதத்திலிருந்து தாளிப்பை விலக்குதல். 'நண்பன் கொடுத்தாலும் வாங்கி உண்ணாதே' என்பதையும் டிபனோடு கட்டி அனுப்ப வேண்டும். பகிர்ந்துண்ணக் கற்பிக்கும் பள்ளியில் இது எளிய பாடமன்று.

தனி டிபன் கட்ட இயலாத வீட்டின் குழந்தை என்ன செய்யும்? பொதுப்பந்தியே அதன் முதன்மை உணவு. இதற்கொரு முன்னுதாரணம் நம்மிடமே உள்ளது. தமிழ்நாட்டுச் சத்துணவில் முட்டை உண்ணாத மாணவர்க்கு வாழைப்பழம் வழங்கப்படுகிறது. அதனால் பந்தி பிரிந்துவிடவில்லை. தட்டில் ஒரு பொருள் மட்டுமே மாறியது. உணவு வழக்கத்துக்குத் தந்த இந்த இடத்தை உடலின் தேவைக்கும் தரலாம். சேர்க்கைப் பதிவேட்டில் 'ஒவ்வாத உணவு' என ஒரு கட்டம், சமையலறைச் சுவரில் அப்பெயர்களின் பட்டியல்: தொடக்கத்துக்கு இவை போதும்.

ஒரே பந்தி என்பது ஒரே தட்டு அன்று. 1920இலும் 1928இலும் தொடங்கிய பணியின் எஞ்சிய பகுதி இதுவே எனக் கருதுகிறேன். பள்ளி ஆவணங்களில் பணியாற்றும் நண்பர்கள், பழைய டிபன் பதிவேடுகளில் இத்தகைய விலக்குகள் எவற்றையேனும் கண்டிருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன்.