வால்தான் வசனம்... பெயர் மட்டும் மிஸ்ஸிங்! - ஃபெலிக்ஸ் பூனையின் கதை

ஊரப்பாக்கத்தில் பீச் ரயில் ஏறியாச்சு. இயர்போனை வீட்டிலேயே மறந்தாச்சு. ஸ்பீக்கரில் போட்டால் பக்கத்து சீட் அங்கிள் முறைப்பார். அப்போ யூடியூபில் ஃபெலிக்ஸ் பூனையைத் தேடிப் பாருங்க. மௌனப் பட காலத்து கார்ட்டூன் என்பதால், மியூட்டில் பார்த்தாலும் ஒரு ஜோக்கும் மிஸ் ஆகாது. தாம்பரம் வருவதற்குள் ஒரு படம் முடிந்துவிடும்.

முதல் சேட்டை

1919 நவம்பரில் அமெரிக்காவில் வெளியான 'ஃபீலைன் ஃபாலிஸ்'தான் தொடக்கம். அதில் பூனைக்குப் பெயர் மாஸ்டர் டாம். எலி பிடிக்க வேண்டிய நேரத்தில் காதலியைப் பார்க்கக் கிளம்பிவிடும். அந்த கேப்பில் எலிகள் வீட்டைச் சூறையாட, பூனைக்கு கெட் அவுட்! 'ஃபெலிக்ஸ்' என்ற பெயர் அடுத்த மாதம்தான் வந்தது.

வால் இருக்க பயமேன்?

குழப்பம் வந்தால் ஃபெலிக்ஸின் வால் கேள்விக்குறியாக வளையும். தேவைப்பட்டால் அதையே கருவியாகவும் மாற்றிக்கொள்ளும். உடம்பு ஏன் முழுக் கறுப்பு? வெறும் கோட்டு உருவத்தைவிட மை நிரப்பிய உருவம் அசையும்போது பளிச்சென்று தெரியும்; வரையவும் சுலபம்.

1923-ல் வந்த 'ஃபெலிக்ஸ் இன் ஹாலிவுட்'டில் வாலைக் கைத்தடியாக்கி சாப்ளின் மாதிரியே நடந்து காட்டும். 'என் ஸ்டைலைத் திருடுறியா?' என்று கார்ட்டூன் சாப்ளினே சண்டைக்கு வந்துவிடுவார்.

திரைக்குப் பின்னால்

சாப்ளின் கேட்ட அந்தக் கேள்வியை உண்மையில் கேட்டிருக்க வேண்டியவர் ஓட்டோ மெஸ்மர். கதை யோசித்து, வரைந்து, படங்களை இயக்கியவர் அவர். ஆனால், திரையில் வந்தது ஸ்டூடியோ முதலாளி பேட் சல்லிவனின் பெயர். 1928-ல் மிக்கி மவுஸ் சத்தத்தோடு வந்ததும் ஃபெலிக்ஸின் மவுசு குறைந்தது. 1933-ல் சல்லிவன் இறந்தார். மெஸ்மரை உலகம் அடையாளம் கண்டுகொள்ள இன்னும் பல வருஷம் ஆனது. 1970-களில் அனிமேஷன் வரலாற்றாசிரியர் ஜான் கேன்மேக்கர் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படமே எடுத்தார். சல்லிவனின் சொந்த நாடான ஆஸ்திரேலியாவில் இதை மறுப்பவர்கள் உண்டு என்றாலும், பெரும்பாலான ஆய்வாளர்கள் மெஸ்மர் பக்கம்தான். 1983-ல் அவர் காலமானார்.

நீங்களும் யாருக்காவது போஸ்டர் டிசைன் பண்ணலாம், ரீல்ஸ் எடிட் பண்ணிக் கொடுக்கலாம். சம்பளம் பேசும்போதே, 'என் பெயர் எங்கே வரும்?' என்றும் கேட்டுடுங்க. மெஸ்மர் மாதிரி அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டாமே!