கிணறு வந்தா கோடி: பந்தலூர்த் தங்கம் முதல் புதுச்சேரிக் கடல் வரை

பந்தலூர் என்றால் இன்றைக்கு நமக்குத் தேயிலை, மழை, யானை. 1880-ல் லண்டன் பங்குச் சந்தையில் பந்தலூர், தேவாலா என்று சொன்னால் தங்கம் என்று பொருள்.

எண்ணெயும் எரிவாயுவும் தேடுகிற சின்னக் கம்பெனிகளின் பங்குகளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் குறிப்புகளைப் புரட்டப் புரட்ட, இந்த ஆட்டத்தின் விதிகள் எல்லாம் நீலகிரியில் அப்பவே எழுதப்பட்டுவிட்டன என்று தோன்றியது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பந்தலூர் சொன்ன பாடம்

தென்கிழக்கு வயநாடு 1877-ல் மலபார் மாவட்டத்திலிருந்து நீலகிரியோடு சேர்க்கப்பட்டது. அந்தப் பக்கம் காப்பித் தோட்டங்கள் இலைநோயில் வாடிக்கொண்டிருந்த காலம். மண்ணில் தங்கத் துகள் இருப்பது உள்ளூர் ஆட்களுக்குத் தலைமுறைகளாகத் தெரிந்த விஷயம்தான். ஆஸ்திரேலியாவிலிருந்து பிரஃப் ஸ்மித் என்ற நிபுணரை அரசு வரவழைத்தது. அவர் நம்பிக்கையாக ஓர் அறிக்கை கொடுத்தார். அவ்வளவுதான், லண்டனில் பிடித்தது காய்ச்சல். இரண்டே வருஷத்தில் தென்னிந்தியத் தங்கத்துக்கென்று நாற்பது வாக்கில் கம்பெனிகள், ஏறக்குறைய 50 லட்சம் பவுண்டு மூலதனம். பெரும்பாலானவை வயநாட்டுக்குத்தான்.

அந்தப் பணம் எங்கே போனது என்று பார்த்தால் கதை புரியும். பெரும் பங்கு சுரங்கத்துக்கே போகவில்லை. நோய் பிடித்த காப்பித் தோட்டங்களை 'தங்க நிலம்' என்று பெயர் மாற்றிக் கொழுத்த விலைக்குக் கம்பெனிகளிடம் தள்ளிவிட்டார்கள். மிச்சம் இருந்ததில் இயந்திரம் வாங்கி மலையேற்றி, பாறையை அரைத்துப் பார்த்தபோது, மாதிரிக் கல்லில் சொன்ன கணக்கில் சிறு பங்குகூடக் கிடைக்கவில்லை. சில வருஷங்களில் கடை காலி.

அதே அலையில் 1880-ல் பதிவான மைசூர் கோல்டு மைனிங் கம்பெனியும் கோலாரில் இதே மாதிரி மூடும் நிலைக்கு வந்தது. கையிருப்பு கிட்டத்தட்டத் தீர்ந்த நேரத்தில், மிச்சப் பணத்தையும் போட்டுத் தோண்டிப் பார்க்கலாம் என்று முடிவெடுத்தார்கள். சாம்பியன் ரீஃப் என்ற தங்கப் படிவம் கிடைத்தது. கோலார் தங்கவயல் 2001 வரை ஓடியது.

கோலாரை எல்லோருக்கும் தெரியும். பந்தலூரில் பணம் போட்டவர்களை யாருக்கும் தெரியாது. தேடல் பங்குகளின் விளம்பரமே இந்த மறதிதான். ஜெயித்தவன் கதை சொல்லிக்கொண்டே இருப்பான், தோற்றவன் வாயைத் திறக்க மாட்டான்.

எண்ணெயின் கோலார்

நம் காலத்துக் கோலார், ராஜஸ்தானின் பார்மர். 1995-ல் ஷெல் நிறுவனம் அந்தப் பாலைவனத்தில் எண்ணெய் தேட ஒப்பந்தம் போட்டது. பெரிதாக ஒன்றும் தேறாது என்று அதற்குத் தோன்றிவிட்டது. கூட்டாளியாக உள்ளே வந்திருந்த ஸ்காட்லாந்தின் கெய்ர்ன் எனர்ஜி, 2002-ல் ஷெல்லின் பங்கை 72.5 லட்சம் டாலருக்கு வாங்கிக்கொண்டது. எண்ணெய்த் தொழிலில் அது சில்லறைக் காசு. 2004 ஜனவரியில் மங்களா வயல் கண்டுபிடிக்கப்பட்டது. அதே வருஷம் கெய்ர்ன், லண்டனின் முதல் 100 கம்பெனிகள் பட்டியலுக்குள் நுழைந்தது.

இந்தக் கதையைக் கேட்டவனுக்கு ராத்திரி தூக்கம் வராது. 'அடுத்த கெய்ர்ன் எது?' என்ற கேள்வி அங்கேதான் பிறந்தது. அடுத்த பத்து வருஷம் இந்திய எண்ணெய்ப் பங்குகளில் புகுந்த சின்ன முதலீட்டாளர்கள் பலரும் அந்தக் கேள்வியோடு வந்தவர்கள்தான்.

ஆனால் சின்னக் கம்பெனிக்கு 'எண்ணெய் இருக்கா?' என்பது முதல் கேள்வி மட்டும்தான். இருந்தால் எவ்வளவு? அது வெளியே வருமா? வெளியே எடுக்கக் காகிதமும் காலமும் இடம் கொடுக்குமா? ஆக நாலு கேள்வி. முதல் கேள்விக்கு 'ஆமாம்' என்று பதில் வந்தும் மற்ற மூன்றில் விழுந்த கதைகள்தான் கீழே வருபவை.

எவ்வளவு?

2005 ஜூனில் குஜராத் அரசின் ஜிஎஸ்பிசி நிறுவனம் கிருஷ்ணா–கோதாவரி கடற்பகுதியில் 20 டிரில்லியன் கன அடி எரிவாயு கண்டுபிடித்ததாக, அப்போதைய முதல்வர் நரேந்திர மோடி அறிவித்தார். அந்த வட்டாரத்தில் ஜிஎஸ்பிசிக்கு 80 சதவீதம், ஜூபிலன்ட்டுக்கு 10, ஜியோகுளோபல் ரிசோர்சஸ் என்ற கனடாவின் குட்டிக் கம்பெனிக்கு 10. ஜியோகுளோபல் தேடல் கட்டத்தில் தன் பங்குச் செலவைப் போட வேண்டியதில்லை, ஜிஎஸ்பிசியே தாங்கும் என்று ஏற்பாடு. செலவில்லாத பத்து சதவீதம், கூட 20 டிரில்லியன் என்ற எண். அமெரிக்கச் சந்தையில் அந்தப் பங்கு கிடுகிடுவென்று ஏறியதில் ஆச்சரியம் இல்லை.

பின்னால் வயல் மேம்பாட்டுத் திட்டம் தயாரானபோது எடுக்கக்கூடிய அளவு என்று கணக்கில் நின்றது, முதலில் சொன்னதில் பத்தில் ஒரு பங்கு வாக்கில். அதுவும் அதிக அழுத்தம், அதிக வெப்பம், இறுகிய பாறை. 2014-ல்தான் சோதனை உற்பத்தி. 2017-ல் ஓஎன்ஜிசி ஜிஎஸ்பிசியின் 80 சதவீதத்தை வாங்கிக்கொண்டது. கடனில் மூழ்கியிருந்த அரசு நிறுவனத்துக்குக் கைகொடுக்க இன்னொரு அரசு நிறுவனம் வந்தது. குட்டிக் கம்பெனியின் பங்கை வைத்திருந்தவருக்கு அப்படி யார் வருவார்?

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். பூமிக்கு அடியில் இருப்பது வேறு, எடுக்க முடிவது வேறு, லாபத்தில் எடுக்க முடிவது வேறு. செய்தித்தாள் தலைப்பில் வருவது பெரும்பாலும் முதல் எண். பணம் வருவது மூன்றாவதிலிருந்து.

வெளியே வருமா?

இனி நம்ம கடல். எச்.டி. பாரேக், எச்டிஎஃப்சியை நிறுவியவர், 1983-ல் ஹிந்துஸ்தான் ஆயில் எக்ஸ்ப்ளோரேஷன் கம்பெனியைத் தொடங்கினார். இந்தியாவில் தனியார் துறையில் எண்ணெய் தேட வந்த முதல் கம்பெனி. புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் ஓஎன்ஜிசி முன்பே கண்டுபிடித்திருந்த பி.ஒய்.-1 என்ற எரிவாயு வயல் இவர்கள் கைக்கு வந்தது. கடலடிக் குழாய் போட்டு, தரங்கம்பாடி அருகே பிள்ளைப்பெருமாள்நல்லூரில் கரைசேர்த்து, அங்கேயே இருக்கும் மின்நிலையத்துக்கு வாயு கொடுப்பது திட்டம். 2009 நவம்பரில் வாயு வந்தது. பங்கு வைத்திருந்தவர்களுக்குத் தீபாவளி முடிந்தும் தீபாவளி.

பி.ஒய்.-1-ல் வாயு இருப்பது வழக்கமான மணற்கல்லில் இல்லை, விரிசல் விட்ட கருங்கல் அடித்தளத்தில். மணற்கல் பஞ்சு மாதிரி. ஓரளவு சீரான துளைகள், அதனால் கணக்குப் போடலாம். கருங்கல்லில் வாயு விரிசல்களுக்குள் இருக்கும். எந்த விரிசல் எதோடு சேர்கிறது, எது எங்கே முடிகிறது என்பது எடுக்க ஆரம்பித்த பிறகுதான் தெரியும். தெரிந்தது: உற்பத்தி எதிர்பார்த்ததைவிட வேகமாக விழுந்தது. இருப்புக் கணக்கைக் கீழே இறக்கி, பெரிய தொகையை இழப்பாக எழுதினார்கள். இதில் மோசடி எதுவும் இல்லை, கல் தந்த பதில்தான். கிட்டத்தட்டப் பாதிப் பங்கை வைத்திருந்த இத்தாலியின் எனி நிறுவனம் பிறகு விலகியது. கம்பெனி பிழைத்தது. 2017-ல் அஸ்ஸாமின் டிரோக் வயல் உற்பத்திக்கு வந்து மூச்சு கொடுத்தது. ஆனால் உச்சத்தில் பங்கு வாங்கி, கீழே வந்தபோது பயந்து விற்றவருக்கு அந்த மூச்சால் என்ன பயன்?

காகிதம் இடம் கொடுக்குமா?

எனக்கு மிகவும் உறுத்திய கதை ஹார்டியுடையது. 2005-ல் லண்டனின் சின்னக் கம்பெனிகள் சந்தையில் பட்டியலான ஹார்டி ஆயில் அண்ட் கேஸ், இந்திய வேலைகளைச் சென்னையிலிருந்து நடத்தியது. காவிரிப் படுகைக் கடலில் சி.ஒய்.-ஓ.எஸ்./2 என்ற வட்டாரம் அவர்களுடையது. 2007 ஜனவரியில் கணேசா-1 என்ற கிணற்றில் கண்டுபிடிப்பு. பெயர்ப் பொருத்தம் அருமை, பிள்ளையார் சுழி போட்டாச்சு.

ஒப்பந்தத்தில் ஒரு விதி. கிடைத்தது கச்சா எண்ணெய் என்றால், அது வணிகத்துக்கு ஏற்றதா என்று 24 மாதத்துக்குள் சொல்ல வேண்டும். எண்ணெயோடு சேராத இயற்கை எரிவாயு என்றால் 60 மாதம். 'கிடைத்தது எண்ணெய், உங்கள் காலம் முடிந்தது, வட்டாரம் எங்களுடையது' என்றது அரசு, 2009-ல். 'கிடைத்தது வாயு, இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது' என்றது ஹார்டி. 2013 பிப்ரவரியில் நடுவர் மன்றம் கம்பெனி பக்கம் தீர்ப்புச் சொன்னது: வட்டாரத்தைத் திருப்பிக் கொடு, வட்டியும் கொடு. கையெழுத்தான இடம் கோலாலம்பூர். அப்படியானால் அந்தத் தீர்ப்பை எதிர்த்து இந்திய நீதிமன்றத்துக்கு வரலாமா, கூடாதா என்று அடுத்த சண்டை. வரலாம் என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு முன்பே அந்த ஜூனில், தீர்ப்பை அமல்படுத்த அமெரிக்க நீதிமன்றமும் மறுத்திருந்தது. 2019-ல் உச்ச நீதிமன்றமே வேறொரு வழக்கில், 2018-ல் சொன்னது சரியான சட்டம் இல்லை என்று கூறியது. சட்ட மாணவர்களுக்கு அருமையான பாடம். பங்கு வைத்திருந்தவருக்குப் பத்து வருஷம் போச்சு.

பக்கத்திலேயே பி.ஒய்.-3 எண்ணெய் வயல். ஓஎன்ஜிசி 40, ஹிந்துஸ்தான் ஆயில் 21, டாடா பெட்ரோடைன் 21, ஹார்டி 18 சதவீதம். 1997-லிருந்து எண்ணெய் வந்தது. எவ்வளவு என்று தெரியும், வெளியே வரும் என்றும் தெரியும். 2011 ஜூலையில் உற்பத்தி நின்றது. மிதக்கும் உற்பத்தி வசதிக்கான ஒப்பந்தம் முடிந்தபோது, அடுத்த கட்டத்துக்கு எல்லோரும் ஒரே கருத்துக்கு வரவில்லை. அடியில் எண்ணெய், மேலே ஃபைல்.

ஜெயித்த கெய்ர்னும் இதில் தப்பவில்லை. முன்தேதியிட்ட வரி என்று 2014-ல் நோட்டீஸ், 2020 டிசம்பரில் சர்வதேச நடுவர் தீர்ப்பு, 2021-ல் சட்டத் திருத்தம் என்று அதுவும் அலைந்துதான் பணத்தைத் திரும்ப வாங்கியது. அந்த அலைச்சலைத் தாங்கக் கெய்ர்னுக்குக் கையில் காசு இருந்தது. குட்டிக் கம்பெனிக்கு இருக்காது. புதுப் பங்கு வெளியிட்டுத்தான் வக்கீல் ஃபீஸ் கட்டணும். அப்போது பழைய பங்குதாரரின் துண்டு இன்னும் சின்னதாகும்.

நம்ம ஊர்க் கணக்கு

எங்கள் படப்பைக்காரர்களுக்கு இதை மனைக் கணக்கில் சொன்னால் புரியும். ஒரகடத்துக்குக் கார் கம்பெனிகள் வந்த பிறகு வண்டலூர்–வாலாஜாபாத் சாலையின் இரண்டு பக்கமும் கல் நட்டார்கள். வாங்கினவர் பலரும் விலை ஏறும் என்றுதான் வாங்கினார்கள், அதுவும் ஊகம்தான். ஆனால் கணக்குத் தப்பினாலும் நாலு கல்லுக்கு நடுவில் மண் இருக்கும். பட்டா சரியாக இருந்தால் பேத்தி கல்யாணத்துக்காவது ஆகும். எண்ணெய்த் தேடலில் அந்த மண்ணும் கம்பெனியுடையது இல்லை. கடலடியில் இருப்பதெல்லாம் அரசியலமைப்பின் 297-ஆவது பிரிவின்படி மத்திய அரசுக்குச் சொந்தம். கம்பெனியிடம் இருப்பது கெடு வைத்த ஒரு ஒப்பந்தம். நம்மிடம் இருப்பது அந்த ஒப்பந்தத்தில் ஒரு துளி.

இங்கே தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் கேட்டார்: "சார், ஷேர் நாப்பது ரூவாதான். கிணறு வந்துட்டா நானூறு சார்." பணிக்கொடைப் பணத்தில் பாதியைப் போடலாம் என்ற யோசனை அவருக்கு. நான் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வாங்குங்கள் என்றும் சொல்லவில்லை. ஆண்டறிக்கையை எடுத்து வரச் சொல்லி நாலு இடத்தைக் காட்டினேன்: சொல்கிற அளவு அடியில் இருப்பதா, எடுக்கக்கூடியதா. எந்த மாதிரிப் பாறை. ஒப்பந்தக் கெடு எந்தத் தேதி. கையிலிருக்கும் காசு இன்னும் எத்தனை கிணற்றுக்குத் தாங்கும். நாலில் இரண்டுக்கு அந்த அறிக்கையில் பதிலே இல்லை. "போனா போகட்டும்னு விடக்கூடிய பணம் எவ்வளவு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்படி ஒண்ணும் இல்லையே சார்" என்றார்.

அடுத்த குறிப்பில் பந்தலூர்க் கம்பெனிகளைப் பற்றித் தனியாக எழுத எண்ணம். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் பழைய சுரங்க வாய்களையோ இயந்திரத் துண்டுகளையோ பார்த்தவர்கள் இருந்தால் எந்த எஸ்டேட் என்று சொல்லுங்கள், போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.