கல்வி நிதிச் சீட்டு (கிள்ளான் பள்ளத்தாக்கு)

கல்வி நிதிச் சீட்டு என்பது பள்ளிச் செலவுக்கோ மாணவர் உதவிக்கோ பணம் திரட்ட விற்கப்படும் சிறுதொகைத் தாள். வாங்குகிறவர் கைக்குப் பெரும்பாலும் உணவோ பண்டமோ பங்குரிமையோ திரும்பி வரும். அமெரிக்காவில் இது கடைகளின் அன்பளிப்புப் பற்றுச்சீட்டாக இருக்கிறது. கடை தன் சீட்டைச் சில விழுக்காடு விலை குறைத்துப் பள்ளிக்குத் தரும். பெற்றோர் அதை முழு விலைக்கு வாங்கி அதே கடையில் மளிகை வாங்குவர். இடையில் நின்ற தொகை அந்தக் குடும்பம் கட்டவேண்டிய பள்ளிக் கட்டணத்தில் கழியும். கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் இந்த உருவம் வேர்விடவில்லை. கேண்டீன் தினக் கூப்பன், நிதி விருந்தின் மேசைச் சீட்டு, கூட்டுறவுப் பங்கு, ஒரு வெள்ளி (வெள்ளி இங்குள்ள நாணயம்) நிதி ஆகியவையே இங்கு அதன் இடத்தில் இருப்பவை. இவற்றைத் தருமக் கணக்கில் எழுதுவது வழக்கம். அந்த வகைப்பாடு பொருந்தாது. தருமம் இருப்பவர் இல்லாதவருக்குக் கொடுப்பது. இந்தச் சீட்டுகளோ, இல்லாதவர்கள் தங்கள் பிள்ளைகளுக்காகத் தங்கள்மேல் தாங்களே விதித்துக்கொண்ட வரி. அந்த வரி ஓரிடத்தில் நிலைத்ததற்கும் இன்னோரிடத்தில் நொடித்ததற்கும் தொகையின் அளவு காரணமன்று. சீட்டை வாங்கியவர் பணம் போன இடத்தைத் தம் கண்ணால் பார்க்க முடிந்ததா என்பதே அதைத் தீர்மானித்தது.

இதன் வேர் கப்பலேறுவதற்கு முன்பே ஊன்றியது. விருதுநகரில் 1889-இல் தொடங்கிய சத்திரிய வித்யாசாலை, நாடார் வணிகர்கள் சரக்கின்மேல் விதித்துக்கொண்ட மகமையாலும், வீடுதோறும் உலை வைக்கும்போது ஒதுக்கிய பிடியரிசியாலும் நடந்த பள்ளி. காமராசர் படித்தது அங்கேதான். ஒரு பிடி அரிசி எந்த வீட்டையும் பட்டினி போடாது, எந்த வீடும் தரமுடியாது என்று சொல்லவும் முடியாது. அளவை அவ்வளவு சிறியதாக வைத்ததே அதன் சூட்சுமம். கல்யாண வீட்டு மொய்யும் இதற்கு உறவுதான். கொடுத்தது நோட்டில் ஏறும், ஊர் பார்க்கும். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த தமிழர் இந்தப் பழக்கத்தை மூட்டையோடு கொண்டுவந்தனர். ஆனால் பள்ளி நடத்தும் பொறுப்பு முதலில் அவர்களிடம் இல்லை. பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்கவேண்டும் என்றது 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். துரை ஒரு கொட்டகையும் ஓர் ஆசிரியரையும் கொடுத்தால் சட்டம் நிறைவேறிவிடும். தோட்டத்துக் கங்காணியோ எழுத்தராகிய கிராணியோ பாடம் நடத்திய பள்ளிகளும் உண்டு.

நகரத்தில் கதை வேறு. கோலாலம்பூரின் விக்டோரியா கழகம் 1893-இல் எழுந்தது, விக்டோரியா அரசியின் பொன்விழாவுக்காகத் திரட்டிய பொதுநிதியில் மீந்ததை முதலாக வைத்து. அதன் புரவலர்களில் தம்புசாமிப் பிள்ளையும் ஒருவர். ஜாலான் துன் எச்.எஸ். லீயில் உள்ள மகா மாரியம்மன் கோயிலை நிறுவியவரும் அவரே. செல்வர் சிலர் பெருந்தொகை எழுதிக் கொடுத்து ஆங்கிலப் பள்ளி எழுப்பிய முறை இது. பிரிக்பீல்ட்ஸில் 1904-இல் தொடங்கிய விவேகானந்தா ஆசிரமம் இன்னொரு முறை. இலங்கைத் தமிழர்கள் தோற்றுவித்த அந்த அமைப்பின் கீழ்ப் பின்னர்த் தமிழ்ப்பள்ளிகள் வளர்ந்தன. சமூகத்தின் செல்வர்கள் மனம் வைத்திருந்தால் சீட்டு விற்கும் தேவையே வந்திராது என்று சொல்வோர் உண்டு. செல்வர்கள் கொடுத்தார்கள். ஆனால் அவர்கள் கொடுத்த பள்ளியின் வாசலுக்குத் தோட்டத்துப் பிள்ளை வந்துசேர வழியே இல்லை. பால்மரம் வெட்டுபவரின் பிள்ளைக்கான பணத்தைக் கடைசியில் பால்மரம் வெட்டுபவரே கொடுக்க நேர்ந்தது.

அதற்கு முதல் பெரிய சான்று 1950-களில் கிடைக்கிறது. அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமையவிருந்தது; அதன் மொழி தமிழா சமஸ்கிருதமா என்ற வழக்கு மூண்டது. தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழின் பக்கம் நின்று, ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டு நிதி திரட்டினார். துறைக்குத் தமிழ் நூலகம் அமைப்பது நோக்கம். கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பல்கலைக்கழக வாசலை மிதித்திராதவர்கள். தங்கள் பிள்ளைகள் மிதிப்பார்கள் என்ற உறுதியும் அவர்களுக்கு இல்லை. ஒரு வெள்ளி என்ற வரம்பு இரண்டு வேலை செய்தது. ஏழையை உள்ளே கொண்டுவந்தது. அதோடு, கோரிக்கையின் பின்னால் எத்தனை தலைகள் நிற்கின்றன என்று எண்ணிக் காட்டியது. நூறு வெள்ளியை ஒருவர் கொடுத்தால் அது நன்கொடை, நூறு பேர் கொடுத்தால் அது வாக்கு. 1956-இல் துறை தமிழோடு தொடங்கியது, பின்னர்க் கோலாலம்பூருக்கு வந்தது. தனிநாயக அடிகள் அங்கே பேராசிரியராக இருந்தபோதுதான் 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு அந்நகரில் கூடியது.

அடுத்த உருவம் பங்குச்சீட்டு. விடுதலையை ஒட்டி ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டு கிளம்பியபோது, குடியிருந்த லயமும் பிள்ளைகள் படித்த பள்ளியும் ஒரே நாளில் பறிபோகும் நிலை வந்தது. மலாயா இந்திய காங்கிரஸ் (ம.இ.கா.) தலைவர் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்து, நூறு வெள்ளிப் பங்கை மாதம் பத்து வெள்ளித் தவணையில் தொழிலாளர்களுக்கு விற்றார். திரண்ட பணம் தோட்டம் வாங்கியது. தோட்டம் ஈட்டிய வருமானத்தில் ஒரு பகுதி உறுப்பினர் பிள்ளைகளின் கல்விக் கடனாகவும் உபகாரச் சம்பளமாகவும் திரும்பியது. சட்டத்துக்கு வெளியே இதே வேலையைச் செய்தது ‘கூட்டு’. பத்துப் பதினைந்து பெண்கள் மாதந்தோறும் ஒரு தொகை போட்டு, முறை வைத்து எடுத்துக்கொள்வார்கள். பள்ளி திறக்கும் மாதத்தில் எடுத்தவருக்குச் சீருடையும் சப்பாத்தும் வந்துவிடும். ஏமாற்றுகள் பெருகியதால் 1971-இல் அதைத் தடைசெய்து நாடாளுமன்றம் ஒரு சட்டமே இயற்றியது. ‘கூட்டு’ என்ற தமிழ்ச்சொல் அந்தச் சட்டத்தின் பெயரிலேயே இன்றும் இருக்கிறது. மலேசியச் சட்டப் புத்தகத்தில் தமிழுக்குக் கிடைத்த இடங்களில் இது அவ்வளவு கௌரவமானதன்று.

கூப்பன் பெருகியதற்கான காரணம் பள்ளிகளின் சட்டநிலையில் இருக்கிறது. 1957-இல் மலாயாவில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 530-க்கும் குறைவு. அவற்றுள் பெரும்பான்மை ‘பகுதி உதவி பெறும் பள்ளி’. ஆசிரியர் சம்பளம் அரசுடையது, நிலம் அரசுடையதன்று. ஆகவே புதிய கட்டடம், மண்டபம், கணினி அறை என்று வரும்போது பள்ளி வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் கையை நீட்டவேண்டியிருக்கிறது. தொடக்கப்பள்ளியில் மாணவரிடம் வாங்கிவந்த 24 வெள்ளி 50 காசுக் கட்டணத்தையும் 2012-இல் அரசு நீக்கிவிட்டது. எனவே, அமெரிக்க முறையில் ‘உன் கட்டணத்தில் கழித்துக்கொள்’ என்று சொல்ல இங்கே கட்டணமே இல்லை, பொதுக்குடத்தில்தான் ஊற்றமுடியும். அமெரிக்காவில் ‘டியூஷன்’ என்ற சொல் அந்தப் பள்ளிக் கட்டணத்தைக் குறிக்கும். மலேசியத் தமிழருக்கோ டியூஷன் என்றால் பள்ளி விட்டபின் போகும் பிரத்தியேக வகுப்பு. அந்தச் செலவைத் தணிக்க 1982-இல் உருவான ஸ்ரீ முருகன் நிலையம் போன்ற அமைப்புகளின் வரலாறு இதற்குப் பக்கத்து வீடு.

கேண்டீன் தினத்தின் செயல்முறை எளிது. பத்து, இருபது வெள்ளிப் புத்தகங்களாகக் கூப்பன் அச்சிட்டுப் பல வாரங்களுக்கு முன்பே பிள்ளைகள் வழியாக வீட்டுக்கு அனுப்புவார்கள். மாமா, அத்தை, பக்கத்து வீட்டுச் சீனர், அப்பாவின் முதலாளி என்று புத்தகம் கைமாறும். அன்றைக்கு ஒவ்வொரு வகுப்புப் பெற்றோரும் ஒரு கடை போடுவர்: நாசி லெமாக், மீ கோரெங், உளுந்து வடை, தோசை, ஐஸ் கச்சாங், பழைய பொம்மை, மீன் பிடிக்கும் விளையாட்டு. பொருளில் பெரும்பகுதி பெற்றோர் கைக்காசு, உழைப்பு முழுவதும் அவர்களுடையது. கடையில் சேர்ந்த கூப்பனுக்குப் பள்ளி பணம் தருவதில்லை. ஆகவே விற்ற புத்தகத்தின் விலை ஏறக்குறைய முழுவதும் நிதியாகிறது. செலவழியாமல் சட்டைப்பையிலேயே தங்கிப்போகும் தாள்களின் விலையும் பள்ளிக்கே.

இதைப் பற்றிய நியாயமான ஆட்சேபம் ஒன்று உண்டு: பெற்றோர் தாமே மாவும் எண்ணெயும் வாங்கி, தாமே வடை சுட்டு, தாமே கூப்பன் கொடுத்து அதை வாங்கித் தின்பதற்குப் பதில், இருபது வெள்ளியைப் பள்ளியில் கொடுத்துவிட்டுப் போகலாமே. கணக்கு சரி, ஆள் கணக்குத்தான் தவறு. இருபது வெள்ளி நன்கொடை கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்பவர், இரண்டு பொட்டலம் நாசி லெமாக் வருமென்றால் வாங்குகிறார். பணமே இல்லாத தாய் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து அரைத்த மாவை எந்த நன்கொடைப் பட்டியலும் ஏற்காது, கடை ஏற்கும். இரண்டாம் ஆட்சேபம் கனமானது. பிள்ளைக்கு இத்தனை புத்தகம் என்று கட்டாய அளவு வைத்தால், விற்க உறவில்லாத வீட்டுப் பிள்ளை விற்காத புத்தகத்தோடு வகுப்பில் தலைகுனிந்து நிற்கும். அல்லது அப்பா கூலியிலிருந்து அதை வாங்குவார். இது உண்மை, கட்டாய அளவு வைக்காமலிருப்பதே இதற்கு மருந்து. இருந்தாலும் பொதுக்குட முறையைவிட அமெரிக்க முறை நீதியானது என்று இதனால் ஆகிவிடாது. அங்கே நிறைய மளிகை வாங்கும் குடும்பத்துக்கு நிறையக் கழிவு, கொஞ்சம் வாங்கும் குடும்பத்துக்குக் கொஞ்சம். இங்கே நூறு வெள்ளிக்கு விற்றவர் பிள்ளையும் பத்து வெள்ளிக்கு விற்றவர் பிள்ளையும் ஒரே மண்டபத்தில் உட்காருகிறார்கள்.

நம்பிக்கை எங்கே முறிந்தது என்பதற்கு மைக்கா ஹோல்டிங்ஸைச் சொல்லாமல் இருக்கமுடியாது. ம.இ.கா. முன்னின்று 1980-களின் தொடக்கத்தில் உருவாக்கிய அந்த முதலீட்டு நிறுவனத்தில் சுமார் 66,000 பேர் 10 கோடியே 60 இலட்சம் வெள்ளி போட்டனர். பள்ளிக்கூடப் பணமன்று அது. ஆனால் பங்குச்சீட்டை வாங்கிய கைகள் பெரும்பாலும் பத்து வெள்ளித் தவணை கட்டிப் பழகிய அதே கைகள்தாம். ஆண்டுகள் போயின, சொன்ன இலாபம் வரவில்லை, 2010-இல் ஒரு வெள்ளிப் பங்கை 80 காசுக்கு இன்னொரு நிறுவனம் வாங்கிக்கொண்டது. நில நிதிச் சங்க உறுப்பினர் தோட்டத்தைப் போய்ப் பார்க்கலாம். மைக்காவில் பணம் எங்கே இருக்கிறதென்று விரல் நீட்டிக் காட்ட இடமில்லை. ம.இ.கா. 1984-இல் அமைத்த கல்வி மேம்பாட்டு நிறுவனமான எம்.ஐ.இ.டி. அதிலிருந்து வேறுபட்டது. அரசு மானியமும் மக்கள் நன்கொடையும் சேர்ந்து 2001-இல் கெடாவில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகமாக நின்றதால், அதன் நிர்வாகம் பற்றி எழுந்த சண்டைகளுக்குப் பிறகும் காட்டுவதற்கு ஒரு கட்டடம் மிஞ்சியது. விவேகானந்தா ஆசிரம நிலத்தில் அடுக்குமாடி எழுப்பும் திட்டம் 2014-இல் வெளிவந்தபோது பிரிக்பீல்ட்ஸ் கொதித்ததும் இந்தக் கண்ணோட்டத்தில்தான் விளங்கும். நிதி தேவை என்ற வாதத்தைப் பலர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. பொதுமக்கள் காசில் எழுந்ததைப் பொதுமக்களைக் கேட்காமல் எப்படித் தொடலாம் என்றே கேட்டார்கள். சீட்டு வாங்கியவர் சட்டப்படி உரிமையாளர் அல்லர். மனத்தளவில் எப்போதும் உரிமையாளர்தான்.

அரசும் சீட்டு அச்சிட்டிருக்கிறது. ஏழை மாணவர்க்கான டியூஷன் பற்றுச்சீட்டு 2004-இல் வந்தது. உயர்கல்வி மாணவர்க்கு 200 வெள்ளிப் புத்தகப் பற்றுச்சீட்டு 2012-இல் வந்து, மறு ஆண்டே 250 ஆயிற்று. புத்தகச் சீட்டைச் சிலர் முகவிலைக்குக் குறைவாக ரொக்கத்துக்கு விற்றார்கள் என்று புகார் எழுந்தது. பின்னர் அது அட்டையாக மாற்றப்பட்டது. கேண்டீன் கூப்பனுக்கு இப்படி ஒரு கள்ளச்சந்தை உருவாகவில்லை. ஒரே ஒரு காலைப்பொழுதுக்கும் ஒரே ஒரு திடலுக்கும் மட்டும் செல்லும் பணத்தை யார் வாங்கி என்ன செய்வது? இங்கேதான் கடைசி ஆட்சேபம் வருகிறது: சமூகம் தானே திரட்டிக்கொண்டால் அரசு ஏன் கொடுக்கும்? பகுதி உதவி நிலை இத்தனை ஆண்டுகள் நீடித்ததற்கு இந்தத் தன்முயற்சியும் ஓரளவு துணைபோனது என்பதை மறுக்க இயலாது. ஆனால் வரிசையைக் கவனிக்கவேண்டும். நூலகத்துக்கான வெள்ளி முன்னே போனது, துறை பின்னே வந்தது. பல்லாண்டு கூப்பன் விற்ற பிறகுதான் வரவு செலவுத் திட்டங்களில் தமிழ்ப்பள்ளிகளுக்கென்று நிதி தனியாக எழுதப்பட்டது; 2018, 2019 திட்டங்களில் அது ஐந்து கோடி வெள்ளி. சீட்டு விற்காமல் சும்மா இருந்த இடங்களுக்கு அரசு ஓடிவந்து கட்டிக்கொடுத்ததாக வரலாறு இல்லை.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடியபோது கேண்டீன் தினங்களும் நின்றன. பள்ளிகள் திறந்தபோது அங்காடிக் கடைகளில் கைப்பேசியால் கியூஆர் குறியீட்டை வருடிப் பணம் கட்டுவது சகஜமாகிவிட்டிருந்தது. கேண்டீன் தினமும் அந்த வழிக்குப் போனால் அச்சுச் செலவும் சில்லறைத் தொல்லையும் குறையும், கணக்கும் துல்லியமாகும். ஆனால் வடை வாங்கியவர் வடைக்கு உரியதை மட்டும் கொடுப்பார். திருவிழா முடிந்து சட்டைப்பையில் கசங்கிக் கிடந்த இரண்டு வெள்ளிக் கூப்பன்கள் பள்ளிக்கு ஈட்டித் தந்த பணம் கைப்பேசியில் ஏறாது. அத்தையிடம் புத்தகத்தை நீட்டிப் பிள்ளை வீட்டு வாசலில் நின்ற அந்த ஐந்து நிமிடமும் ஏறாது.