புள்ளியும் கோடும்

மார்கழி வைகறையில் லயத்து வாசலிலே நம் தாய்மார் கோலமிடுவதைக் காணாதார் தெரணியகலைத் தோட்டங்களில் உண்டோ? முதலிற் புள்ளி, பின்பு அதைச் சுற்றிக் கோடு. இணையப் பக்கங்களில் நாம் காணும் படங்களின் வரலாறும் இவ்விரண்டினுள் அடங்கும்.

1957ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ரசல் கிர்ஷ் தம் குழந்தையின் நிழற்படத்தைக் கணினியில் ஏற்றினார். பக்கத்துக்கு 176 ஆக 30,976 புள்ளிகள். ஒவ்வொன்றும் கறுப்பு அல்லது வெள்ளை. இப்புள்ளிகளையே இன்று பிக்சல் என்கின்றோம். 1963இல் ஐவன் சதர்லாந்து ஒளிப்பேனாவினால் கணினித் திரையிற் கோடு வரைந்து காட்டினார். இம்முறையிற் கணினி நினைவில் வைப்பது புள்ளிகளையன்று. கோடு எங்கே தொடங்கி, எவ்வாறு வளைந்து, எங்கே முடிகின்றது என்னும் கணக்கையே. இதுவே வெக்டர் முறை.

இணையப் பக்கங்களை முதலில் அலங்கரித்தவை புள்ளிப் படங்களே. 1987இல் வந்த ஜிஃப், 1992இல் வந்த ஜேபெக், 1996இல் வந்த பிங் ஆகிய மூன்றும் அவ்வகையின. எஸ்.வி.ஜி. என்னும் கோட்டு முறை 2001இலேயே இணையத்தின் நியமமாக ஏற்கப்பட்டது.

புள்ளிப் படத்தை மிகப் பெருப்பித்தால் விளிம்பு சிதையும். கோட்டுப் படம் சிதையாது. ஆயினும், தேர்த் திருவிழாவிற் கூடியோர் முகங்களையும் மலைமுகட்டு மூடுபனியையும் கோடுகளாற் சொல்லி முடியுமோ? அவற்றுக்குப் புள்ளியே வேண்டும். ஆகவே ஒன்று உயர்வு, மற்றது தாழ்வு என்பதற்கில்லை.

நிற்க. தாம்பரத்துச் சென்னைக் கிறித்துவக் கல்லூரிப் பேராசிரியர்களான கிஃப்ட் சிரோமணி, இராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிரிதிவாசனும் கோலங்களை விதிகளால் விளக்கி, 1974இல் கணினி வரைகலை ஏடொன்றில் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். நம் வாசற்படிக் கலை உலக அறிஞர் சபையேறியது அவ்வாறே.

வாலிபர்களே! நம் பாட்டிமாரின் கோலங்கள் ஏட்டில் இல்லை, விரல்களில் இருக்கின்றன. ஒருவர் மறைந்தால் அவரோடு பல கோலங்களும் மறையும். கைபேசியிற் படமெடுத்தால் கோலத்தின் தோற்றம் தங்கும். கை சென்ற வழி தங்காது. எனவே படமும் எடுங்கள். அருகே அமர்ந்து, எத்தனை புள்ளி, கோடு எங்கே தொடங்கி எப்பக்கம் திரும்பியது என்று கேட்டும் எழுதுங்கள். அக்கணக்கைக் கோட்டுப் படமாக்கினால், அழைப்பிதழின் மூலையிலும் ஆலய விழாப் பதாகையிலும் அதே கோலம் குறையின்றி மலரும். நாளை ஒரு சிறுமி அதைப் பார்த்து மீண்டும் வாசலில் இடுவாள்.

அடுத்த மார்கழிக்குள் தொடங்குவோமாக.