அருகம்புல்லும் ஆற்று மணலும்

படவேட்டில் எங்கள் அப்பாவுக்கு அருகு என்றாலே ஆகாது. கொத்தியெடுத்து வரப்பில் எறிந்தால் அடுத்த மழைக்கு அங்கேயே வேர் பிடித்துக்கொள்ளும். கணுவுக்குக் கணு முளைக்கும். வாழைக்குப் போட்ட எருவை எல்லாம் தின்றுவிடுகிறது என்று அதைப் பொறுக்கிப் பொறுக்கி வெயிலில் காயப்போடுவார். அதே அருகைச் சென்னையில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் வளர்த்துக் காப்பதே பிறகு என் பிழைப்பாயிற்று.

கல்கத்தாவில் 1829, பெங்களூரில் 1876, கொடைக்கானலில் 1895 என்று கோல்ஃப் கிளப்புகள் தொடங்கிய ஆண்டுகள் எல்லோருக்கும் கிடைக்கின்றன. கோப்பை வென்றவர்களின் பெயர்கள் பலகையில் பொன்னெழுத்தில் இருக்கின்றன. பந்து உருண்ட தரையை யார், எப்படி உண்டாக்கினார்கள் என்பதற்குத்தான் ஏடு இல்லை.

தண்ணீர் குறைந்த ஊர்களில் குழியைச் சுற்றிப் புல்லே இருக்காது. மணலில் எண்ணெய் கலந்து கெட்டித்து, அதன்மேல் பந்தை உருட்டுவார்கள். ‘பிரௌன்’ என்று அதற்குப் பெயர். ஆட்டக்காரர்களின் காலடித் தடத்தை இழுத்துச் சமன்செய்ய ஆள் வேண்டும். தண்ணீர் வசதி வந்த இடங்களில் அது ‘கிரீன்’ ஆயிற்று. வெயில் தாங்கும் புல் என்று உலகம் முழுக்கத் தேடியவர்களுக்குக் கிடைத்தது நம் அருகுதான். அவர்கள் அதை பெர்முடா என்கிறார்கள்.

ஆனால் நாட்டு அருகை மிகக் குட்டையாக வெட்டினால் திட்டுத் திட்டாகச் சொட்டை விழும். இதற்கு வழி கண்டவர் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டிஃப்டன் என்ற ஊரில் இருந்த கிளென் பர்ட்டன். மாட்டுத் தீவனப் புல்லில் ஆராய்ச்சி தொடங்கியவர், அருகோடு ஆப்பிரிக்கப் புல் ஒன்றை ஒட்டுச் சேர்த்து மைதானப் புற்களை உண்டாக்கினார். டிஃப்வே 1960லும் டிஃப்ட்வார்ஃப் 1965லும் வெளிவந்தன. அவர் உருவாக்கிய இன்னொரு பயிர், டிஃப்ட் 23ஏ என்ற கம்பு. அதைத் தாயாக வைத்துத்தான் இந்தியாவின் முதல் வீரியக் கம்பு ரகமான எச்பி-1, 1965இல் வந்தது. மானாவாரிக் காட்டை நம்பிப் பிழைப்பவர்களுக்கும் கோல்ஃப் ஆடுபவர்களுக்கும் ஒரே மனிதர் உழைத்திருக்கிறார் என்று அறிந்த நாளிலிருந்து அவர்மேல் எனக்குத் தனி மரியாதை.

இந்த ஒட்டுப்புல் முளைக்கிற விதை தராது. கொடியைத் துண்டு துண்டாக நறுக்கித் தூவி, மேலே மணல் போர்த்தி, உருளை ஓட்டி, காயாமல் தண்ணீர் தெளிக்க வேண்டும். அப்பா எதற்காக அருகைத் திட்டினாரோ, அந்தக் குணமே இங்கு விதை.

நட்ட பிறகுதான் உண்மையான வேலை. செத்த கொடிகளும் வேர்களும் மேலாக மெத்தைபோல் சேரும். அது தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டு பூசணத்துக்கு இடம் கொடுக்கும். துளையிட்டுக் காற்று புகவிட்டு, சலித்த மணலை மெல்லிசாகத் தூவிக்கொண்டே வரவேண்டும். மணல் தூவும் வழக்கத்துக்கு ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தைப் பராமரித்த டாம் மாரிஸை முன்னோடி என்பார்கள். 1860களில் அவர் அந்தப் பொறுப்பை ஏற்றார். ஒரேயடியாகக் கொட்டினால் புல் மூச்சுத் திணறும். கொஞ்சம் கொஞ்சமாக, வருடா வருடம் போட வேண்டும்.

குழி வெட்டும் கருவியின் விட்டம் நாலேகால் அங்குலம். அதை அழுத்தித் திருகி எடுத்தால் உருளையாக மண் வரும். பக்கவாட்டில் பாருங்கள்: வெளிர் மணல் ஒரு வரி, பழுப்பு வேர் ஒரு வரி, மறுபடி மணல். சில இடத்தில் விரல் தடிமனுக்குக் கறுப்பாக ஒரு பட்டை, முகர்ந்தால் அழுகல் வாடை. மணல் போடாமல் விட்ட காலம் அது. சம்புவராயர் ஆண்ட ஊரில் பிறந்ததால் கல்வெட்டுப் படிப்பவர்களைப் பார்த்து வளர்ந்தேன். இந்த உருளையையும் அப்படித்தான் வரிவரியாகப் படிக்கிறேன். மேலே இருக்கும் நல்ல வரிகள் எந்த மாலிகளின் கை என்று எனக்குத் தெரியும். கீழே இருப்பவற்றின் பெயர்கள் போய்விட்டன.

அதனால் எந்த கிரீனில் எந்த மாதம் எவ்வளவு மணல், எவ்வளவு உரம், எந்த உயரத்தில் வெட்டு, செய்தவர் யார் என்று ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொல்கிறேன். எங்கள் பையன்கள் கையெழுத்தோடு எழுதுகிறார்கள்.