கல்லில் எழுதிய குறையும் பத்திரத்தில் எழுதாத விரிசலும்

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பொன்னின் எடையிலேயே நின்றுவிடுவார்கள். முதலாம் இராசராசன் தன் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில் விமானத்துக்குக் கொடுத்த செப்புக் குடம் 3,083 பலம். அதன்மேல் வேய்ந்த பொன் 2,926½ கழஞ்சு. வியக்க வேண்டியதுதான். ஆனால் நகைப் பட்டியல்களில் இதைவிட வியப்பான ஒன்று உண்டு. வயிரத்தில் சிவப்புப் புள்ளியோ கரும்புள்ளியோ வெந்த தடமோ இருந்தால் அதுவும் பொறிக்கப்பட்டிருக்கிறது. மாணிக்கத்தில் இருந்த குழிவையும் வெட்டையும் விடவில்லை. அரசன் கொடுத்த நகை, இறைவனுக்குரிய நகை. ஆனாலும் குறையை மறைக்கவில்லை.

எந்த எடைக்கல்லால் நிறுத்தார்கள் என்பதும் இருக்கிறது: பொன்னுக்கு ஆடவல்லான், மணிகளுக்குத் தட்சிணமேரு விடங்கன். சரடும் சட்டமும் செப்பாணியும் நீக்கி நிறுத்தோம் என்று சொல்லிவிடுகிறார்கள். பின்னாளில் ஒரு மணி குறைந்தால் வாய்ப்பேச்சுக்கு இடமில்லை.

அதே ஊரில் இன்று கடை வாடகைக்கு எடுப்பவர் கையெழுத்திடும் ஒப்பந்தத்தைப் பாருங்கள். சொத்து விவரத்தில் நான்கெல்லை, சதுர அடி, கதவு எண், மின் இணைப்பு எண். கடை எங்கே இருக்கிறது என்று தெரிகிறது. எப்படி இருக்கிறது என்று தெரியவில்லை. காலி செய்யும்போது நல்ல நிலையில் ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு வரி மட்டும் வரும். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 108-ஆம் பிரிவில், நியாயமான தேய்மானம் போக, ஏற்றபோது இருந்த நிலையில் திருப்பித் தரச் சொல்கிறது. ஏற்றபோது இருந்த நிலையை யாரும் எழுதி வைக்காவிட்டால் அந்தப் பிரிவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எந்தப் பழுது யார் பொறுப்பு என்று பிரித்துத் தருகிறது. ஆனால் விரிசல் யார் காலத்தில் விழுந்தது என்பதை எந்தச் சட்டமும் சொல்லாது. அட்வான்ஸ் பணம் சிக்கிக்கொள்வது அங்கேதான்.

டெல்டாவில் நிலையை எழுதி வைக்கும் இந்தக் கவனம் கூடுதலாகவே வேண்டும். நம் களிமண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். சித்திரையில் வாய் பிளந்த சுவர் கார்த்திகையில் மூடிக்கொள்ளும். கோடையில் வெளுத்துக் காய்ந்திருக்கும் மேல்தளம் ஐப்பசி அடைமழையில்தான் ஒழுகிக் காட்டும். ஆகவே மாதம் எழுதாத புகைப்படம் பாதிச் சான்றுதான். பக்கத்து மனையில் அடித்தளம் தோண்டப் போகிறார்கள் என்றால், அதற்கு முன்பே இருக்கிற விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதி வைப்பது பொறியாளர்களின் பழைய முறை. கண்ணாடி உடைந்தால் விரிசல் நகர்கிறது என்று பொருள்.

கோயிலுக்கு வந்தது கொடை, கடையில் நடப்பது வாடகை, இரண்டும் ஒன்றல்ல. சிற்பியின் உளியும் நம்மிடம் இல்லை. கைப்பேசி இருக்கிறது, அதுவே போதும். சரக்கு இறக்குவதற்கு முன் உரிமையாளரும் வாடகைதாரரும் சேர்ந்து ஒருமுறை கடையைச் சுற்றி வாருங்கள். விரிசலின் பக்கத்தில் அளவுநாடாவை வைத்துப் படம் எடுங்கள். ஷட்டர், தரை, மின்பெட்டி, கழிவறை ஒவ்வொன்றின் குறையையும் பெயர் சொல்லி எழுதி, இருவரும் கையெழுத்திட்டு ஒப்பந்தத்தோடு இணைத்து வையுங்கள்.