கடுதாசி பறந்த பிறகுதான் மனுஷன் பறந்தான்

ஏரோப்ளேன் வந்ததும் முதலில் பணக்காரர்கள் ஏறினார்கள், தபால் மூட்டை பிறகுதான் ஏறியது என்று பலர் நினைக்கிறோம். நம்ம மெட்ராஸ் கதை நேர் தலைகீழ். இந்த ஊருக்கு முறையான விமான சேவை வந்ததே கடுதாசிக்காகத்தான்!

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக். உலகின் முதல் அதிகாரபூர்வ விமானத் தபால் பறந்ததும் இந்தியாவில்தான். 1911 பிப்ரவரி 18 அன்று, அலகாபாத் கண்காட்சியில், ஹென்றி பெக்கே என்ற பிரெஞ்சுக்காரர் சுமார் 6,500 கடிதங்களோடு யமுனையைத் தாண்டி நைனியில் இறங்கினார். தூரம் பத்து கிலோமீட்டர் போல. நம்ம அடையாறிலிருந்து பாரிமுனை போற தூரம்தான். ஆனால் அது ஒரு வேடிக்கை, தினசரி சேவை இல்லை.

1929-ல் இம்பீரியல் ஏர்வேஸ் லண்டனிலிருந்து கராச்சி வரை தபால் கொண்டுவர ஆரம்பித்தது. அங்கிருந்து மெட்ராஸுக்கு? பழையபடி ரயில்தான்.

இந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டவர் நெவில் வின்சென்ட், பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்தவர். அவர் போட்ட திட்டத்தை ஜே.ஆர்.டி. டாடா எடுத்துக்கொண்டார். அரசாங்கம் மானியம் தரவில்லை. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. ஒற்றை எஞ்சின் புஸ் மாத் விமானத்தில் கராச்சியிலிருந்து கிளம்பினார். அகமதாபாத்தில் பெட்ரோல் டின்கள் மாட்டு வண்டியில் வந்தன என்பார்கள்! பம்பாய் ஜுஹூவில் அவர் இறங்க, அங்கிருந்து பெல்லாரி வழியாக மெட்ராஸுக்குத் தபாலை ஓட்டி வந்தவர் வின்சென்ட்டேதான். ஜே.ஆர்.டி. பெயர் எல்லோருக்கும் தெரியும். நம்ம ஊருக்குத் தபால் கொண்டுவந்தவரை மறந்தே போனோம். 1942-ல், போர்க்காலத்தில், இங்கிலாந்திலிருந்து இந்தியா திரும்பும் வழியில் அவர் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது.

முதல் வருஷக் கணக்கைப் பாருங்க: தபால் சுமார் 10 டன், பயணிகள் 155 பேர். யாருக்காக விமானம் பறந்தது என்று புரிகிறதா?

ஆனால் எனக்குப் பிடித்த வருஷம் 1949. அந்த ஜனவரியில் ராத்திரித் தபால் திட்டம் வந்தது. டெல்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் நாலு ஊரிலிருந்தும் விமானங்கள் கிளம்பி, நடு ராத்திரியில் நாக்பூரில் கூடும். மூட்டைகளை மாற்றிக்கொண்டு விடியறதுக்குள் அவரவர் ஊர் திரும்பும். ஏப்ரல் 1 முதல் உள்நாட்டுக் கடிதங்களுக்கு விமானக் கட்டணம் தனியாகக் கிடையாது என்றும் ஆனது.

இதோட அருமை மயிலாப்பூர், மாம்பலம் வீடுகளுக்குத்தான் தெரியும். டெல்லி செக்ரடேரியட்டில் வேலை கிடைத்து கரோல் பாகில் குடியிருந்த பிள்ளைகள் எத்தனை பேர்! ஜி.டி. எக்ஸ்பிரஸில் போனால் இரண்டு ராத்திரி. அம்மா எழுதின கடுதாசியோ மறுநாளே டெல்லியில். வாழ்நாளில் மீனம்பாக்கம் பக்கமே போகாத மாமிகளின் கையெழுத்து பறந்துகொண்டிருந்தது.

அதற்கு விலையும் உண்டு. 1953 டிசம்பர் 12 அதிகாலை, நாக்பூரிலிருந்து கிளம்பிய தபால் டகோட்டா ஒன்று விழுந்தது. பிழைத்தவர் விமானி ஒருவர் மட்டுமே. "சௌக்கியமா, பணம் வந்ததா" என்ற நாலு வரிக்காக ராத்திரி ராத்திரியாக உயிரைப் பணயம் வைத்துப் பறந்திருக்கிறார்கள்.

பரணில் பழைய கடுதாசிக் கட்டு இருந்தால் பேப்பர்காரரிடம் போட்டுடாதீங்க. முத்திரையில் ஊரையும் தேதியையும் பாருங்க. எழுதின மறுநாளே டெல்லி முத்திரை விழுந்திருந்தால், அது நாக்பூரில் நடு ராத்திரி விமானம் மாறின கடுதாசியாகத்தான் இருக்கும்.